தண்டியடிகள் கட்டிய கயிறு

திருவாரூர்த் திருக்கோயிலின் மேற்கே உள்ள திருக்குளம் ஒரு காலத்தில் இடம் குறைந்து சுருங்கிக் கிடந்தது. அதைத் தோண்டி அகலப்படுத்த முன்வந்தவர் தண்டியடிகள் நாயனார். அவர் பிறவியிலேயே பார்வை அற்றவர். மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து கரையில் கொட்டிவிட்டு, மீண்டும் குழிக்குள் இறங்க வழி தெரிய வேண்டுமே! குழியில் ஒரு தறி நட்டார். கரையில் ஒரு தறி நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே மண் சுமந்து போய்வந்தார் என்கிறது பெரியபுராணம்.

அடிகளுக்குத் திருவருளால் கண் கிடைத்த நிகழ்ச்சியை நாம் அடிக்கடி சொல்லி மகிழ்கிறோம். அந்தக் கயிற்றைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கண் கிடைப்பதற்கு முன்பே குளம் ஆழமாகிக்கொண்டுதான் இருந்தது. மண்ணை வெட்ட வைத்தது அடிகளின் அன்பு. வெட்டிய மண்ணை நாள்தோறும் தவறாமல் கரை சேர்த்தது கயிறு.

கோயிலுக்குச் செல்லும் குடும்பங்களில் தொண்டு செய்ய வேண்டும் என்ற எண்ணத்துக்குக் குறைவே இல்லை. நம்மிடம் குறைவது கயிறுதான். யார், எந்த நாளில், எந்த வேலையைச் செய்வது. கணக்கு யாரிடம் இருப்பது. நமக்குப் பின் யார் வருவது என்ற ஒழுங்கையே இங்குக் கயிறு என்கிறேன்.

நின்றுபோன அன்னதானம்

வங்கிப் பணியில் பல ஊர்களில் இருந்தவன் என்ற முறையில் ஒரு நிலையைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். கோயில் அன்னதானத்துக்கென ஓர் அன்பர் சேமிப்புக் கணக்கு தொடங்குவார். பிரதோஷம், கார்த்திகைச் சோமவாரம், பங்குனி உத்திரம் என்று நாள் தவறாமல் பணம் சேரும். அரிசி மண்டிக்கும் மளிகைக் கடைக்கும் காசோலை போகும். இவ்வாறு இருபது ஆண்டுகள் நடக்கும். ஒரு நாள் அந்த அன்பர் சிவபதம் அடைவார். கையொப்பமிட உரிமையுள்ள இன்னொருவர் இருக்க மாட்டார். வரவு செலவு எழுதிய நோட்டு எங்கே என்று வீட்டாருக்குத் தெரியாது.

இரண்டு ஆண்டுகள் வாடிக்கையாளர் தரப்பில் வரவோ செலவோ இல்லையென்றால் அது செயல்படாக் கணக்கு ஆகிவிடும். பத்து ஆண்டுகள் அப்படியே கிடந்தால், அத்தொகை ரிசர்வ் வங்கி இதற்கென வைத்துள்ள நிதிக்கு மாற்றப்படும். உரியவர் தக்க சான்றுகளோடு வந்து கேட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அத்தனை ஆண்டுகள் பந்தியில் அமர்ந்து உண்டவர்களுக்கு இலை போட ஆளில்லாமல் போனதை எந்தச் சான்றும் சரிசெய்யாது. பணம் இருக்கிறது, பசியும் இருக்கிறது, தொண்டு மட்டும் நின்றுபோய்விட்டது.

உழவாரப் பணிக் குழுக்களிலும் இதே கவலையைக் காணலாம். அப்பர் பெருமான் ஏந்திய உழவாரப் படையை நினைந்து, மாதம் ஒரு கோயில் என்று புல் செதுக்கிய அன்பர்களுள் பலர் இப்போது அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள். முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு தரையில் அமர்கிறார்கள். அவர்களுக்கு அருகில் அமர வேண்டிய இருபது வயதினர் எங்கே? 'பிள்ளைகள் கோயில் பக்கமே வருவதில்லை' என்று குறைப்படுவோர், வந்த பிள்ளைகளிடம் நாம் என்ன பொறுப்பைக் கொடுத்தோம் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுழன்று கூடிய சங்கம்

ஒரு தொண்டு அதைத் தொடங்கியவரோடு முடிந்துவிடாமல் எப்படிக் காப்பது என்பதைச் சேவைச் சங்கத்தார் நன்கு கற்றிருக்கிறார்கள். அவர்களுள் ரோட்டரி சங்கத்தாரிடமிருந்து கோயில் அடியார்கள் கற்றுக்கொள்ளத் தக்கவை சில உண்டு.

1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு கூடியதே அச்சங்கத்தின் தொடக்கம். உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறை வைத்துச் சுழன்று கூடியதால் ரோட்டரி என்ற பெயர் வந்தது. நட்பும் தொழில் உறவுமே முதலில் நோக்கமாக இருந்தன. சில ஆண்டுகளிலேயே அது பொதுநலத்தின் பக்கம் திரும்பியது. தொடக்க காலத்தில் அவர்கள் முனைந்து செய்த பொதுப்பணி, நகரில் பொதுக் கழிப்பிடம் அமையப் பாடுபட்டது. திருவதிகைத் திருக்கோயிலில் திலகவதியார் நாள்தோறும் அலகிட்டு மெழுகியதைப் படித்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பு இருக்காது. தூய்மைப் பணியில் தொடங்கும் தொண்டுக்கு அடித்தளம் உறுதியாக அமைகிறது.

இச்சங்கத்தின் அமைப்பில் இரண்டு செய்திகள் என் மனத்தைக் கவர்ந்தவை. முதலாவது, பதவிக்காலம் ஓர் ஆண்டுதான் என்பது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் நாள் புதிய தலைவரும் செயலரும் பொறுப்பேற்கிறார்கள். சென்ற ஆண்டுத் தலைவர் இந்த ஆண்டு சாதாரண உறுப்பினராக அமர்ந்து வேலை செய்கிறார். அடுத்த ஆண்டு யார் என்பதும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. அவர் அருகிலிருந்து கற்றுக்கொள்கிறார். வங்கியில் பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள் உண்டு, இருவரிடம் இருக்கும். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. ஒருவர் விடுப்பில் சென்றால் எழுத்து மூலம் இன்னொருவரிடம் ஒப்படைத்தே செல்ல வேண்டும். இது யார் மீதும் ஐயம் கொண்டு வைத்த ஏற்பாடாகாது. யார் வராவிட்டாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக வைத்தது. கோயில் உண்டியலைப் பலர் முன்னிலையில் திறந்து எண்ணுவதிலும் இந்த அறிவே இருக்கிறது.

இரண்டாவது, நான்கு கேள்விகள். 1932-ஆம் ஆண்டு, நொடித்துப்போகும் நிலையில் இருந்த அலுமினியப் பாத்திர நிறுவனம் ஒன்றைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பை ஏற்ற ஹெர்பர்ட் டெய்லர் என்பவர், தம் ஊழியர்களுக்காக வகுத்த அளவுகோல் இது. 1943-இல் ரோட்டரி இதை ஏற்றுக்கொண்டது. நாம் எண்ணுவதும் சொல்வதும் செய்வதும் உண்மைதானா, தொடர்புடைய எல்லோருக்கும் நியாயமானதா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, அனைவருக்கும் நன்மை தருமா என்பவை அக்கேள்விகளின் கருத்து. கோயில் திருப்பணிக் குழுக் கூட்டத்தில் வாக்குவாதம் முற்றும் போது, யாராவது ஒருவர் இந்த நான்கையும் அமைதியாகக் கேட்டால் பாதிச் சச்சரவு அடங்கிவிடும்.

தஞ்சைக்கு வந்த மாணவர் சங்கம்

பெரியவர்களின் சங்கமாகவே அறுபது ஆண்டுகளை நெருங்கிய ரோட்டரி, 1962-ஆம் ஆண்டு பள்ளி மாணவருக்கென இன்டராக்ட் என்ற இளைய அமைப்பைத் தொடங்கியது. அவ்வாண்டு உலக ரோட்டரியின் தலைவராக இருந்தவர் நம் நாட்டவரான கல்கத்தா நிதீஷ் லாஹரி; அப்பொறுப்புக்கு வந்த முதல் ஆசியரும் அவரே. முதல் இன்டராக்ட் சங்கம் 1962 நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மெல்பர்ன் நகரப் பள்ளி ஒன்றில் 23 மாணவர்களோடு அமைந்தது. அமெரிக்காவுக்கு வெளியே முதல் சங்கம் எங்கே அமைந்தது தெரியுமா? நம் தஞ்சாவூரில்! பெருவுடையார் கோயில் கொண்டிருக்கும் ஊர் மாணவர்கள், இன்று உலகெங்கும் பரவியுள்ள ஓர் இயக்கத்தின் முன்வரிசையில் நின்றார்கள் என்பது தமிழ்க் குடும்பங்கள் அறிந்து பெருமைப்பட வேண்டிய செய்தி.

பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்கள் இன்டராக்ட் உறுப்பினர்கள். தலைவர், செயலர், பொருளாளர் எல்லோரும் மாணவர்களே. ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு பணிகளை அவர்கள் செய்தாக வேண்டும். ஒன்று தம் பள்ளிக்கோ ஊருக்கோ பயன்படுவது, மற்றொன்று பிற நாட்டு மக்களைப் புரிந்துகொள்ள உதவுவது. ரோட்டரி சங்கத்தார் உடனிருந்து வழிகாட்டுவார்கள். தீர்மானம் எடுப்பது பிள்ளைகள்.

1968 மார்ச் மாதம் வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில், பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்கான ரோட்டராக்ட் சங்கம் முதன்முதலாகத் தோன்றியது. கல்லூரி மாணவரும் புதிதாக வேலையில் சேர்ந்தோரும் இதில் இருக்கிறார்கள். முப்பது வயதில் விலகிவிட வேண்டும் என்று நெடுங்காலம் இருந்த விதி 2020-இல் நீக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டே ரோட்டராக்ட் சங்கங்களையும் ரோட்டரியின் முழு உறுப்புகளாக ஏற்பதென முடிவாகியிருந்தது. எடுபிடி வேலைக்கு வைத்துக்கொண்ட பிள்ளைகளாக எண்ணாமல், அவர்களுக்கும் சபையில் ஆசனம் தந்தார்கள் என்பதே இதன் பொருள். அரிமா சங்கத்தாரும் 1957-இல் பென்சில்வேனியா மாநிலப் பள்ளி ஒன்றில் தொடங்கி, லியோ என்ற பெயரில் இளைஞர் சங்கங்களை நடத்திவருகிறார்கள்.

இரண்டு சொட்டு மருந்து

ஒழுங்கோடு கூடிய தொண்டு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இளம்பிள்ளைவாத ஒழிப்பே சான்று. 1979-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து வழங்கும் பணியை ரோட்டரி மேற்கொண்டது. 1985-இல் அதை உலகளாவிய இலக்காக அறிவித்தது. 1988-இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெப் முதலிய அமைப்புகளோடு கைகோத்தது. அப்போது 125 நாடுகளில் இந்நோய் பரவியிருந்தது; ஆண்டுக்குச் சுமார் 3,50,000 பேர், பெரும்பாலும் குழந்தைகள், முடங்கினார்கள்.

நம் நாட்டில் 1995-இல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து முகாம்களை இவ்விதழின் வாசகர்கள் மறந்திருக்க முடியாது. இடக்கைச் சுண்டுவிரலில் மை வைத்துக்கொண்டு வந்த குழந்தைகள் பலர் இன்று பெற்றோராகியிருப்பார்கள். சுகாதாரத் துறையினரும் அங்கன்வாடிப் பணியாளரும் அப்பணியின் முதுகெலும்பு. அவர்களுக்குத் துணையாகச் சேவைச் சங்கத்தாரும் இளைஞர்களும் தெருத்தெருவாகச் சென்று தாய்மார்களை அழைத்து வந்தார்கள். மருந்துப் பெட்டி சுமந்தார்கள். முகாம் முடிந்த பின்னும் வேலை முடியவில்லை. விடுபட்ட குழந்தையைத் தேடி வீடு வீடாகப் போய், சுவரில் குறியிட்டுவிட்டு வர வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று. சலிப்பூட்டும் வேலைதான். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறுமிக்குக் கண்டதே இந்தியாவின் கடைசி நோய்த்தாக்கு. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்றை நாம் பெற்றோம்.

அந்தச் சலிப்பூட்டும் வேலையைக் கோடிக்கணக்கான வாசல்களில் செய்ய முடிந்தது பட்டியலால். எந்தத் தெரு, எத்தனை வீடு, எத்தனை குழந்தை, யார் விடுபட்டார் என்று எழுதி வைத்த அந்தப் பட்டியல், தண்டியடிகளின் கயிற்றைப் போன்றது.

திங்களூர்த் தண்ணீர்ப் பந்தல்

சேவைச் சங்கங்களிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பத்து நோட்டுப் புத்தகம் வழங்கும் விழாவில் மேடையில் பன்னிரண்டு பேர் பொன்னாடையோடு அமர்ந்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். நீர்மோர்ப் பானையைவிடப் பந்தலில் கட்டிய பெயர்ப்பலகை பெரிதாக இருப்பதும் உண்டு. கோயில்களிலும் குழல்விளக்கின் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுகிறோமே! இங்கே வழிகாட்ட நமக்கு ஒரு நாயனார் இருக்கிறார்.

தஞ்சாவூருக்கு அருகில், திருவையாற்றை அடுத்துள்ள திங்களூரில் வாழ்ந்தவர் அப்பூதியடிகள். வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். அதற்கு அவர் சூட்டிய பெயர் திருநாவுக்கரசு. நேரில் ஒருமுறையும் காணாத அடியாரின் பெயரைத் தம் மக்களுக்கும் தம் அறங்களுக்கும் வைத்தார். அவ்வழியே வந்த அப்பர் பெருமான் பந்தலில் தம் பெயரைக் கண்டு வியந்து, 'உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன்?' என்ற கருத்துப்படக் கேட்டபோது, வந்தவர் யார் என்று அறியாத அடிகள் சினந்தார் என்கிறது புராணம். தம் பெயர் நினைவுக்கே வராத அளவுக்கு அவர் தொண்டில் மூழ்கியிருந்தார்.

அந்த வீட்டில் இன்னொரு செய்தியும் கவனிக்கத் தக்கது. அடியார்க்கு அமுது படைக்க வாழையிலை அரிந்துவரும் வேலை மூத்த மகனுக்குத் தரப்பட்டது. தோட்டத்தில் அரவம் தீண்டியது. விருந்து தடைப்படக் கூடாதே என்று அவன் அதை வெளியே சொல்லாமல், இலையைத் தாயிடம் சேர்ப்பித்த பிறகே வீழ்ந்தான். பின்னர் அப்பர் பெருமானின் திருப்பதிகத்தால் உயிர் பெற்றெழுந்தான். அவன் பெற்றோர் தொண்டைப் பற்றி அவனுக்கு உபதேசம் மட்டும் செய்து வளர்த்திருந்தால் அந்த உறுதி வந்திருக்குமா? கையில் ஒரு வேலையைக் கொடுத்து வளர்த்தார்கள். சங்கத்திடமிருந்து ஒழுங்கையும் அப்பூதியடிகளிடமிருந்து அடக்கத்தையும் எடுத்துக்கொண்டால், நம் கோயில்தோறும் நல்லதோர் இளைஞர் குழு அமையும்.

எப்படித் தொடங்குவது?

பத்துப் பேர் போதும். பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி இளைஞர்களும் தனித்தனிக் குழுவாக இருப்பது நன்று. மாதத்தில் ஒரு நாளை, மழையானாலும் வெயிலானாலும் மாறாத நாளாக முடிவு செய்யுங்கள். தலைவரும் செயலரும் ஆண்டுக்கு ஒருமுறை மாற வேண்டும். சித்திரை முதல் நாளை மாற்று நாளாகக் கொள்ளலாம். வந்தவர் பெயர், செய்த வேலை, செலவான தொகை ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுவது இளைஞர் பொறுப்பாக இருக்கட்டும். வங்கிக் கணக்கு இருந்தால் மூவர் பெயரில் தொடங்கி, எவரேனும் இருவர் கையொப்பமிட்டால் செல்லும் என்று எழுதிக் கொடுங்கள். மூவருள் ஒருவர் முப்பது வயதுக்கு உட்பட்டவராக இருப்பது அவசியம்.

கோயிலுக்குள் எந்தப் பணி செய்வதானாலும் செயல் அலுவலர் அல்லது அறங்காவலரிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். கல்வெட்டுள்ள சுவரை இரும்புத் தூரிகையால் தேய்ப்பதும், பழைய ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு அடிப்பதும், சிற்பங்களில் அமிலம் ஊற்றுவதும் தொண்டாகா. அவற்றால் ஏற்படும் சேதத்தை யாராலும் ஈடுசெய்ய முடியாது. ஐயம் வந்தால் தொடாமல் விடுவதே நல்லது. புதர் மண்டிய பிராகாரத்தில் பிள்ளைகளை முன்னே அனுப்பக் கூடாது. கையுறையும் காலணியும் கொடுத்து, பெரியவர்கள் கோலால் தட்டிப் பார்த்த பின்பே இறக்க வேண்டும். கோயிலுக்குள் காலணி அணியக் கூடாத இடங்களில், புதர் அகற்றும் வேலையைப் பயிற்சி பெற்ற ஆட்களிடம் விட்டுவிடலாம். சிறுவர்களைக் கோபுரத்திலோ மதில் மேலோ ஏற்ற வேண்டாம். பெற்றோரின் இசைவுக் கடிதமும், எப்போதும் உடனிருக்கும் இரண்டு பெரியவர்களும் கட்டாயம். சிறுமிகள் வந்தால் அவ்விருவருள் ஒருவர் பெண்மணியாக இருக்கட்டும்.

இளைஞருக்கு ஏற்ற பணிகள் பல உண்டு. திருவண்ணாமலையில் சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமி இரவு நடப்பவர்களுக்குக் குடிநீர் தருவதும், அவர்கள் எறிந்த குவளைகளைப் பொறுக்குவதும் உடல் வலு கேட்கும் வேலைகள். திருவிழாக் கூட்டத்தில் பெற்றோரைப் பிரிந்த குழந்தையை ஒலிபெருக்கி இடத்துக்கு அழைத்துவருவது, முதியவரைக் கைப்பிடித்துப் படியேற்றுவது, பார்வையற்ற அன்பருக்குத் தலவரலாற்றைப் படித்துக் காட்டுவது ஆகியவற்றுக்குப் பணமே வேண்டாம். பதினெட்டு வயது நிறைந்து, உடல் எடையும் நலமும் தகுதியாக இருப்போர், கோயிலை ஒட்டிய மண்டபத்தில் அரசு இரத்த வங்கியைக் கொண்டு நடத்தும் முகாமில் குருதிக்கொடை தரலாம். ஊரில் ரோட்டராக்ட் அல்லது லியோ சங்கம் இருந்தால் அவர்களோடு சேர்ந்து செய்வது எளிது. அச்சங்கங்கள் எல்லாச் சமயத்தாரும் கூடும் இடங்கள். அங்கே பழகும் நம் பிள்ளைகள், பிற சமயத்துத் தோழரோடு தோள் சேர்ந்து உழைக்கும் பண்பையும் பெறுவார்கள்.

கடைசியாக, பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இளைஞர்கள் நாம் செய்ததைப் போலவே செய்ய மாட்டார்கள். அறிவிப்பைச் சுவரொட்டியில் எழுதாமல் கைப்பேசியில் அனுப்புவார்கள். காலை ஐந்து மணிக்குப் பதில் ஏழு மணிக்கு வருவார்கள். பரிமாறும்போது உப்பை மறந்து கடைசியில் வைப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் தாமே திருத்திக்கொள்வார்கள். வருகிற பிரதோஷத்தன்று கோயிலுக்குப் போகும்போது, இத்தனை நாள் உங்கள் கையில் இருந்த அந்த வருகை நோட்டையும் பேனாவையும் ஓர் இளைஞரிடமோ இளம்பெண்ணிடமோ கொடுங்கள். கொடுத்துவிட்டு, இலை போடும் வரிசையில் போய் நில்லுங்கள்.